ஒப்பீட்டு மனைவி

சூரிச் நகரம் சரோஜினிதேவிக்கு மறந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு விமானச்சீட்டு முகவர் நிலையம். அங்கே அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக வேலை. ஊரை விட்டுப் போன சனம் உலகத்தில் எங்கெங்கே போய் இறங்கியதோ, அங்குள்ள விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணினி படுத்துவிட்ட நாட்களில் மற்றவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு எதிரே இருந்த தாய், மகனுடைய கலியாணத்துக்குப் போகவென்று கடவுச்சீட்டை நீட்டி, "சூரிச்சுக்கு, பிள்ளை" என்றார். சரோஜினிதேவியின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே எழுந்தன. எழுந்தபடியே நின்றன. குறியீடு மட்டுமல்ல, சூரிச் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் வரவில்லை. விரல்கள் நடுங்குவதை அந்தத் தாய் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏசியைக் கொஞ்சம் குறைக்கும்படி பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்.

முதலாளி ஜீவராஜ் நல்ல மனிதர். "அக்கா, நாலு மாதம் லீவில நில்லுங்கோ" என்றார். "மறதி நிண்டால் வாங்கோ. நிக்காட்டி..."

காரணம் சரோஜினிதேவிக்குத் தெரியும். ஆறு வருடமாக அவள் குடிக்கிறாள். ஒரே பிள்ளை உஷாந்தி நோர்வேக்குப் போன வருடம், நித்திரைக்காகத் தொடங்கியது. பிறகு நித்திரைக்கும் விழிப்புக்கும் என்றாகி, இப்போது காலையில் கொஞ்சம் சாராயம் உள்ளே போனால்தான் கை ஓரளவு அடங்கும். கடையில் பெண்களுக்கு விற்கமாட்டார்கள். விற்றாலும் வெள்ளவத்தையில் எந்தப் பெண் போய் நிற்பது? தெருமுனையில் ஓட்டோ நிறுத்தும் தர்ஷன்தான் வாங்கிவந்து தருவான். முதல் நாள் அவள் "ஐயாவுக்கு" என்றாள். மறுநாளிலிருந்து அவனே பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து "ஐயாவுக்கு" என்று சொல்லித் தந்தான்.

ஐயா என்றது அவளுடைய கணவர் நாகேந்திரத்தை. அரசாங்கத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். இருமல் மருந்தில்கூட மதுசாரம் கலந்திருக்கிறதா என்று போத்தலின் பின்பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் வாயில் விடுவார். பேச்சுக் குறைவு. அந்த வீட்டில் இருவரும் ஒரு நாளில் பேசுவதை ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் மிஞ்சும்.

அந்த வாரம் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கொட்டாஞ்சேனையில் இயங்கும் மது–மூளை ஒப்பாய்வு நிலையம், மதுப் பழக்கம் மூளையைப் பாதிப்பதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்கிறது, பெண்கள் விசேடமாக வரவேற்கப்படுகிறார்கள், சிகிச்சை இலவசம், குடும்பத்தவர் ஒருவருடன் வரவும். சரோஜினிதேவி அதைக் கத்தரித்து நாகேந்திரத்தின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை வாசித்தார். இடியப்பம் ஆறிப்போகும் அளவுக்கு வாசித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எத்தினை மணிக்குப் போகவேணும்?"

அவ்வளவுதான்.

தர்ஷனுடைய ஓட்டோவில்தான் போனார்கள். நிலையம் மூன்று மாடி. கீழே பதிவுக்கு இரண்டு கருமபீடங்கள். நீல நிறத்தில் 'குடிப்பவர்', ரோஸ் நிறத்தில் 'மனைவி'. சரோஜினிதேவி நீலத்தின் முன்னால் போய் நின்றாள். காவலாளி வந்து மரியாதையாக, "அம்மா, லேடீஸ் அந்தப் பக்கம்" என்றார்.

பதிவு உத்தியோகத்தர் ராகுலன் இளம் பெடியன். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பரிவு. பரிவு காட்டுவதற்கு அவனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"ஐயாவுக்கு எத்தினை வருசமா இந்தப் பழக்கம்?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்றார் நாகேந்திரம்.

ராகுலன் 'மறுக்கிறார்' என்ற கூட்டுக்குள் சரி போட்டான்.

"தம்பி, குடிக்கிறது நான்" என்றாள் சரோஜினிதேவி. இந்த மூன்று சொல்லைச் சொல்ல அவளுக்கு ஆறு வருடம் பிடித்திருந்தது.

"அன்ரி, முதல் நாள் அநேகமான வைஃப்மார் இப்பிடித்தான் சொல்லுறவை. உங்களுக்கு அவரில இரக்கம். அதுக்கும் இஞ்ச ஒரு கூடு இருக்கு." திருப்பிக் காட்டினான். பதினான்காம் கேள்வி: மனைவி பழியைத் தன்மேல் ஏற்கிறாரா? அதிலும் சரி போட்டான்.

"நான் பழியை ஏற்கேல்ல, தம்பி. உள்ளதைச் சொல்லுறன். பொம்பிளையளை வரச்சொல்லிப் பேப்பரில போட்டனீங்கள்தானே?"

"ஓம் அன்ரி. நீங்கள் வந்திட்டீங்கள்தானே."

கணவர் மறுத்தால் வெளியாள் ஒருவரின் சாட்சியம் எடுக்கவேண்டும் என்பது விதி. வெளியே ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த தர்ஷனைக் கூப்பிட்டார்கள். அவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, நாகேந்திரத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான்.

"சொல்லக் கூடாதுதான் சார். ஆனா ஐயா நல்லாருக்கணும்னு சொல்றேன். ஆறு வருசமா நான்தான் வாங்கிக் குடுக்கிறேன். தெனம் கால் போத்தல். ஞாயித்துக்கெழம அரை."

சரோஜினிதேவி தரையைப் பார்த்தாள். நாகேந்திரம் தர்ஷனைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தான் அரைப் போத்தல் குடிப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவர் பேனையை எடுத்து, எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று கேட்டார்.

"ஏன் வச்சனீங்கள்?" என்று நடைபாதையில் அவள் கேட்டாள்.

"உள்ளுக்குப் போக வேற வழி இருக்கிற மாதிரித் தெரியேல்ல."

இப்படியாக நாகேந்திரம் 'மாதிரி எண் பதினேழு, கணவர்' ஆனார். சரோஜினிதேவி 'மாதிரி எண் பதினேழு, மனைவி'. அவருடைய குறிப்புகளுக்கு நீலக் கோவை, அவளுடையவற்றுக்கு ரோஸ் கோவை.

அன்று பிற்பகல் நாற்பது சோடிகளையும் மண்டபத்தில் இருத்திப் பணிப்பாளர் பேராசிரியர் சந்திரகுமார் உரையாற்றினார். பேச்சின் நடுவே தனது கருத்துகளைத் தானே கேட்டு இரசிப்பதற்காக அடிக்கடி நிறுத்தும் பழக்கம் அவருக்கு உண்டு.

"இந்த நாட்டில் பெண்களின் மூளையை யாரும் மதித்ததில்லை. நாங்கள் மதிக்கிறோம். மேலைத்தேயத்திலே குடிக்கிற ஆணையும் குடிக்கிற பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது அவர்களுடைய பண்பாடு. எங்கள் பெண்கள் குடிப்பதில்லை. அதற்காக ஆய்வைக் கைவிட முடியுமா? நிதி வந்துவிட்டது. ஆகவே நாங்கள் ஒரு வரைவிலக்கணத்தை உருவாக்கினோம். பெண்ணின் மதுப் பிரச்சினை எனப்படுவது அவளுடைய கணவன்."

நிறுத்தினார். கை தட்டினார்கள்.

"குடிக்கிற ஆணின் மூளையை, அவனைக் கட்டியவளின் மூளையுடன் ஒப்பிடுகிறோம். மனைவிமாரே, நீங்கள்தான் எங்கள் ஒப்பீட்டுக் குழு. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதுதான் உங்கள் பங்களிப்பு."

சரோஜினிதேவி கையை உயர்த்தினாள். "குடிக்கிற பொம்பிளை ஒருத்தி வந்தால் என்ன செய்வீங்கள், டொக்டர்?"

பேராசிரியர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தவர் போல மலர்ந்தார். "அவவுக்கெண்டு ஒரு முழு மாடியே வச்சிருக்கிறம், அம்மா. மூண்டாம் மாடி. பன்னிரண்டு கட்டில். திறந்து ஒரு வருசமாகுது, ஒருத்தியும் வரேல்ல. அதுதான் எங்கட முதலாவது கண்டுபிடிப்பு."

"நான் வந்திருக்கிறன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்கள்" என்றார் எல்லோரையும் நோக்கி, தழுதழுத்த குரலில். "கணவனின் பழியைத் தன் தலையில் சுமக்க எழுந்து நிற்கிறார். இப்படிப்பட்ட மனைவிமார் இருக்கும்வரை இந்த நிலையத்துக்கு வேலை குறையாது." எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பக்கத்துக் கதிரைப் பெண் சரோஜினிதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கைக்குள் இருந்த நடுக்கத்தை அவள் உணர்ச்சிவசம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஊதும் பரிசோதனை. சரோஜினிதேவி அன்று காலை ஆறு மணிக்கே எடுத்திருந்தாள். தான் ஊதினால் எல்லாம் முடிந்துவிடும் என்று குழாயை நோக்கிக் கையை நீட்டினாள். ரோஸ் கோவைக்கு ஊதல் கிடையாது என்றார்கள். நாகேந்திரம் ஊதினார். பூச்சியம். இரண்டாம் தரமும் பூச்சியம். மூன்றாவது கருவியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் பூச்சியம். நீலக் கோவையில் எழுதப்பட்டது: 'மறைப்பதில் மிகுந்த அனுபவம் உள்ளவர்.'

கருவியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாதி மரியகொறற்றி மட்டும் இருவருக்கும் நடுவில் நின்றாள். மணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவளுடைய மூக்குக்குத் தெரிந்தது. அவள் சரோஜினிதேவியை ஒரு தரம் பார்த்தாள்.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில், கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலைத் தாண்டும்போது தர்ஷன் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் சைவம். ஐயாவுக்காகப் போட்டான்.

ஒரு கிழமையின் பின் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், இருவருக்கும். படங்களை வெளிச்சப் பெட்டியில் பொருத்திவிட்டுப் பேராசிரியர் சந்திரகுமார் மாணவர்களைக் கூப்பிட்டார். அவருடைய குரலில் ஒரு புதையலைக் கண்ட நடுக்கம் இருந்தது.

"இடது பக்கம் கணவர். ஆறு வருசம் தினசரி குடி. ஏதும் தெரியுதா? ஒண்டுமில்லை. முப்பது வயதுப் பெடியன்ட மூளை மாதிரி. வலது பக்கம் மனைவி. வாழ்க்கையில ஒரு துளி தொட்டதில்லை. இந்த இடைவெளியளைப் பாருங்கோ, அகண்டுபோய் இருக்கு. இஞ்ச முன்பக்கம் சுருக்கம். அவர் குடிக்கிறார், இவவுக்குச் சுருங்குது. ஆண்–பெண் வேறுபாட்டை இதைவிடத் தெளிவா யாராலும் காட்ட முடியாது."

மாணவர்கள் எழுதினார்கள். மற்ற முப்பத்தொன்பது சோடிகளின் படங்களும் எதிர்மாறாகத்தான் இருந்தன. அவற்றைப் பேராசிரியர் புள்ளிவிபரம் என்று அழைத்தார். பதினேழைக் கண்டுபிடிப்பு என்று அழைத்தார்.

சரோஜினிதேவி வலது பக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு ஊரின் வரைபடம் போல இருந்தது. நடுவே கறுப்பாக வெறும் காணிகள். இந்தக் காணிகளில் எதிலோதான் சூரிச் இருந்திருக்கவேண்டும்.

"டொக்டர், இது திரும்பி வருமோ?"

"எது?"

"சுருங்கினது."

பேராசிரியர் அன்பாக விளக்கினார். "குடிச்சுச் சுருங்கினதெண்டால், முற்றா நிப்பாட்டினா ஓரளவுக்குத் திரும்பி வரும், அம்மா. கன கேஸ் பாத்திருக்கிறம். குடிக்காமல் சுருங்கினது எப்பிடித் திரும்பும்? நிப்பாட்டுறதுக்கு உங்களிட்ட என்ன இருக்கு?"

நாகேந்திரத்துக்கு நாலு கிழமைத் தங்கு சிகிச்சை எழுதப்பட்டது. நடுக்கத்துக்கு மருந்து, காலையும் மாலையும் விற்றமின் ஊசி, சனிக்கிழமைகளில் ஆண்கள் வட்டம். சரோஜினிதேவிக்குப் பொறுமை வகுப்பு எழுதப்பட்டது. அங்கே மனைவிமாருக்குப் பாட்டுப் பழக்கினார்கள், கோழிசூப் வைக்கப் பழக்கினார்கள், கணவர் தள்ளாடிக்கொண்டு படியேறும்போது கதவைத் திறந்து எப்படிச் சிரிக்கவேண்டும் என்று செய்துகாட்டினார்கள். சிரிப்புக்குப் பத்துப் புள்ளி. சரோஜினிதேவி நாலு எடுத்தாள். வாயின் ஓரம் துடிப்பதாகக் குறிப்பு எழுதினார்கள்.

வகுப்பு முடிந்து வரும்போது மரியகொறற்றி நடைபாதையில் மறித்தாள்.

"அன்ரி, கையைக் காட்டுங்கோ."

நீட்டினாள். இரண்டு கையும் ஆடின.

"கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?"

"காலமை ஆறு மணிக்கு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

அந்தக் கட்டடத்தில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள். சரோஜினிதேவி உள்ளதைச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. மரியகொறற்றி அழவிட்டாள், ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"தனிய இருந்து நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, அன்ரி. வலிப்பு வந்திடும். எங்கட அம்மா அப்பிடித்தான் போனவ. எங்கட தெருவில எல்லாரும் காய்ச்சல் எண்டுதான் சொன்னவை. பொம்பிளை எண்டால் காய்ச்சல்தானே வரும்."

"மேல் மாடியில பன்னிரண்டு கட்டில் இருக்கெண்டு பேராசிரியர் சொன்னார்."

"இருக்கு. பூட்டினபடி. திறப்பு அவரிட்ட. வெளிநாட்டுக்காரர் வந்தால் திறந்து காட்டுவினம். மெத்தையில இன்னும் பொலித்தீன் உரிக்கேல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கீழ தம்பதி அறை எண்டு ஒண்டு இருக்கு. வைஃப் கூட நிண்டு சூப் வச்சுக் குடுக்கிறதுக்கு. எங்கட விதியில என்ன எழுதியிருக்குத் தெரியுமோ? மருந்து கட்டில் இலக்கத்தின்படி வழங்கப்படவேணும். ஒரே பேரில ரெண்டு பேர் வந்து மாறிக் குடுத்துப்போட்டுக் கொண்டுவந்த விதி. ஆளின்ட பேர் அதில இல்லை. கட்டில் ஒன்பதில ஆர் படுத்திருக்கிறாரோ அவருக்கு ஊசி."

"டொக்டர்மார்?"

"வாட்டு டொக்டரிட்டச் சொன்னனான். உங்கட நிறை, பிரஷர் எல்லாம் கேட்டு மருந்தின்ட அளவை மாத்தி எழுதிப்போட்டு, நான் இதைக் கேக்கேல்ல எண்டவர். இஞ்ச அது பெரிய உதவி, அன்ரி."

அடுத்த திங்கட்கிழமை கட்டில் ஒன்பதில், தலைமாட்டில் 'க. நாகேந்திரம், ஆண், 61' என்று எழுதிய அட்டைக்குக் கீழே, சரோஜினிதேவி படுத்தாள். நாகேந்திரம் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார்.

முதல் நாலு நாளும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, வாந்தி வந்தது, சுவரில் எறும்புகள் ஊர்வதைக் கண்டாள். சுவரில் எறும்பு இல்லை. நாகேந்திரம் எழும்பிப் போய் அந்தச் சுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டு வந்து இருந்தார். அவள் மறுபடி காட்டிய இடங்களையும் துடைத்தார். மரியகொறற்றி நேரம் தவறாமல் வந்து ஊசி போட்டாள்.

மூன்றாம் நாள் பேராசிரியர் மாணவர்களோடு பார்வையிட வந்தார். அட்டையைப் பார்த்தார், வரைபைப் பார்த்தார். கட்டிலில் சேலையைப் போர்த்துக்கொண்டு நடுங்கும் பெண்ணையும், முக்காலியில் நேராக இருந்த ஆணையும் பார்த்தார்.

"கணவர் எழும்பி இருக்கிற அளவுக்குத் தேறிட்டார். மூண்டே நாள். அதிசயமான உடம்பு." பிறகு கட்டிலைக் காட்டினார். "மனைவிக்கு என்ன?"

"களைப்பு" என்றார் நாகேந்திரம்.

"எழுதுங்கோ" என்றார் பேராசிரியர் மாணவர்களிடம். "கணவன் குடியை நிப்பாட்டினால் மனைவிக்கு நடுக்கம் வருது. ஆண்–பெண் வேறுபாடு இரண்டு."

இடைஞ்சல் வந்தது ஆண்கள் வட்டத்தில். இரண்டு சனிக்கிழமை நாகேந்திரம் போய் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டு வந்தார். மற்றவர்கள் பேசினார்கள், அழுதார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள். ராகுலன் அவரைத் தனியே கூப்பிட்டுக் கடிதம் ஒன்றைக் காட்டினான். மூன்றாம் வட்டத்திலும் ஒப்புக்கொள்ளாவிட்டால் மாதிரி பதினேழு ஒத்துழைக்காதவராகக் கருதப்பட்டு அறையிலிருந்து வெளியேற்றப்படுவார். சரோஜினிதேவிக்கு இன்னும் இரண்டு கிழமை மருந்து பாக்கி இருந்தது. அவள் அன்றுதான் முதன்முதலாக ஒரு கோப்பை கஞ்சியைச் சிந்தாமல் குடித்திருந்தாள்.

ஆண்கள் வட்டம் நடப்பது அடுத்த அறையில். நடுவே பலகைச் சுவர். மூன்றாம் சனிக்கிழமை சரோஜினிதேவி கட்டிலில் படுத்தபடி காதைக் கொடுத்தாள். கணவரின் தொண்டைச் செருமல் கேட்டது.

"பிள்ளை வெளிநாடு போன வருசம் தொடங்கினது" என்றார் நாகேந்திரம். "நித்திரைக்கு. பிறகு காலமையும். போத்தலை அரிசி வாளிக்குள்ள வைக்கிறது. அது சரிவராமல் வோஷிங் மெசினுக்குப் பின்னால. வெறும் போத்தலைக் கோயிலுக்குக் கொண்டுபோற பையில போட்டு, கடற்கரை ரெயில் பாதையடியில விட்டிட்டு, பிறகு கோயிலுக்குப் போறது. வீட்டில இருக்கிற மற்ற ஆளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைக்கிறது."

"தெரியாதுதானுங்களே ஐயா" என்றது ஒரு குரல். கொச்சிக்கடையில் துறைமுக மூட்டை தூக்கும் அழகர்.

"தெரியும். ஒரு நாள் வாளிக்குள்ள போத்தல் உடைஞ்சு போச்சு. மற்ற ஆள் அரிசியைப் பேப்பரில கொட்டி, கண்ணாடித் துண்டெல்லாம் பொறுக்கி எடுத்துப்போட்டு, அரிசியைத் திரும்பப் போட்டு வச்சது. ஒண்டும் கேக்கேல்ல."

"கேட்டிருக்கணும்ங்க."

சரோஜினிதேவி போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம். கேட்டிருக்கவேணும். தெருவில எல்லாரும் தன்னை வேற மாதிரிப் பாத்தவை, அதையும் பொறுத்துக்கொண்டு, ஆறு வருசம் வாய் திறக்காமல் இருந்தது பெரிய மனிசத்தனம் எண்டு அந்த ஆள் நினைச்சுக்கொண்டிருந்தது."

"ஐயா, என்ன குடி குடிச்சிருக்கீங்க" என்றார் அழகர், உண்மையான மரியாதையோடு. யாரோ மூக்கைச் சீறினார்கள். ராகுலன் எழுதினான்: 'நோயாளி ஒப்புக்கொண்டார். முழு வெற்றி.'

அறைக்குத் திரும்பி வந்து நாகேந்திரம் முக்காலியில் இருந்தார். இருவரும் யன்னலைப் பார்த்தார்கள். வெளியே பஸ் ஒன்று கிராண்ட்பாஸ் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொன்று.

"எப்ப உடைஞ்சது?" என்று கேட்டாள்.

"ரெண்டாம் வருசம்."

"சோத்தில ஒண்டும் கடிபடேல்லையே."

"மூண்டு தரம் அரிச்சனான். நீர் படுத்திரும். ஊசிக்கு நேரமாகுது."

நாலு கிழமை முடிந்தது. வெள்ளவத்தையில் தர்ஷன் பேப்பர் சுற்றிய போத்தலோடு வரவில்லை. ஐயா திருந்திவிட்டதை அவன் தெரு முழுக்கச் சொல்லியிருந்தான். கோயிலில் நாகேந்திரத்துக்குத் தெரியாதவர்களும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மரியகொறற்றி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து தொலைபேசியில் எடுப்பாள். சரோஜினிதேவிக்குச் சில மாலைகள் பொல்லாதவையாக இருந்தன. அந்த மாலைகளில் நாகேந்திரம் கேட்கப் பழகினார். "இப்ப எப்பிடி இருக்கு?" என்பார். ஆறு வருடம் கேட்காத ஆளுக்கு அது மூன்று சொல் கேள்விதான், ஆனால் முதல் தடவை கேட்டபோது அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்றாம் மாதம் ஜீவராஜ் அவளை அரைநாள் வேலைக்கு எடுத்தார்.

நாலாம் மாதம் இருவருக்கும் மறுபடி படம் எடுத்தார்கள்.

முடிவுகளை அறிவிக்கக் கடலோர விடுதி ஒன்றில் மாநாடு கூடியது. வெளிநாட்டு நிதியாளர்கள் வந்திருந்தார்கள். பேராசிரியர் சந்திரகுமார் இரண்டு திரைகளிலும் நாகேந்திரத்தின் மூளையை ஏற்றினார். "முன்பு இப்படி. பின்பு இப்படி. ஒரு மாற்றமும் இல்லை. ஆணின் மூளை குடித்தாலும் அசையாது, விட்டாலும் அசையாது. அந்த உறுதிக்கு என்ன பெயர் வைப்பதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை." நாகேந்திரத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதில் மீண்டெழுந்த மாமனிதர் என்று எழுதியிருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கீழே, மூன்றாம் வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

"விடுறது லேசில்லை" என்றார். "நான் பக்கத்தில இருந்து பாத்தனான்."

தன்னடக்கத்தைப் பாராட்டி நெடுநேரம் கை தட்டினார்கள்.

மனைவியின் படத்தைப் பேராசிரியர் காட்டவில்லை. தேநீர் இடைவேளையில் ராகுலன் சரோஜினிதேவியைத் தேடி வந்தான். பரிவை அவன் மறக்கவில்லை. கையில் ஒரு கடிதம், ஒரு பெரிய மண்ணிற உறை.

"அன்ரி, கவலைப்படாதேங்கோ. உங்கட ரெண்டாவது படத்தில ஒரு பிழை. சுருங்கின இடமெல்லாம் கொஞ்சம் நிரம்பின மாதிரித் தெரியுது. ஒண்டும் செய்யாத ஆளின்ட மூளை மாறக் கூடாதுதானே. மெசினைத் திருத்தி மூண்டு தரம் பாத்தவை. பிழை போகேல்ல."

கடிதத்தில் இருந்தது: 'மாதிரி எண் பதினேழு, மனைவி, எவ்விதக் காரணமுமின்றி முன்னேற்றம் அடைந்துள்ளமையால் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறார்.'

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். "எங்க கையெழுத்து வைக்கிறது?"

"இஞ்ச, அன்ரி. நீக்கினதில மனவருத்தம் இல்லைத்தானே?"

"இல்லை, தம்பி. படத்தை நான் கொண்டு போகலாமோ?"

"பிழையான படம்தானே. கொண்டு போங்கோ."

வெளியே வெயில். காலி வீதிப் பக்கம் தர்ஷன் ஓட்டோவோடு நின்றான். ஏறுமுன் சரோஜினிதேவி உறையிலிருந்து படத்தை இழுத்து, இரண்டு கையாலும் சூரியனுக்கு நேரே பிடித்தாள். நாகேந்திரம் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாழ்நாள் முழுக்க வரைபடம் கீறிய ஆள் பார்ப்பது போல மூலை மூலையாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல" என்றார். "கனக்கக் கூடியிருக்கோ?"

"எனக்கும் தெரியேல்லப்பா" என்றாள் சரோஜினிதேவி. "பேராசிரியருக்கே பிழையெண்டு படுற அளவுக்குக் கூடியிருக்கு."